பேப்பரில் சுற்றிக் கொடுத்த மாத்திரைகள்

எங்கள் மருந்துக்கடையில் இரண்டு பொருட்களை மட்டும் யாரும் கேட்காமலே பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். ஒன்று நாப்கின். இன்னொன்று மனநல மாத்திரை. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் வாங்கினால் அட்டை வெளியே தெரியும்படி சட்டைப்பையில் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள். அதே ஆள் மனைவிக்கு மனநல மாத்திரை வாங்க வரும்போது, கூட்டம் குறையும்வரை எதிர்ப்பக்கம் நின்றுவிட்டு, நாலாக மடித்த சீட்டை நீட்டுவார். "நரம்பு டாக்டர் எழுதினது" என்பார். மனநல மருத்துவர் என்ற பேச்சே எங்கள் பக்கம் கிடையாது. நரம்பு டாக்டர், இல்லாவிட்டால் தூக்கத்துக்குப் பார்க்கிற டாக்டர்.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. 2006-ல் கடை போட்டேன். பத்து வருடம் இப்படிச் சுற்றிக் கொடுத்ததை மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். வாங்குகிறவர் கூச்சப்படுகிறார், அதை நாம் மதிக்கிறோம் என்று. 2016-ல் எனக்கே அந்த மாத்திரை தேவைப்பட்டது. அப்போதுதான் ஒவ்வொரு முறை பேப்பரைக் கிழித்தபோதும் "ஆமாம், இது மறைக்க வேண்டிய சங்கதிதான்" என்று நானும் ஒத்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

பெரிய காரணம் எதுவும் கிடையாது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, கடைக்காகக் கொஞ்சம் கடன் இருந்தது, எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் வராது. காலையில் ஷட்டருக்கு முன்னால் சாவியை வைத்துக்கொண்டு நிற்பேன், குனிந்து திறக்கத் தெம்பு இருக்காது. ஸ்டாக் எடுக்க உட்கார்ந்தால் ஒரே அடுக்கை நாலு தடவை எண்ணுவேன், நாலு தடவையும் வேறு வேறு கணக்கு வரும். மனைவி கேட்டால் அசிடிட்டி என்பேன். இவையெல்லாம் எதன் அறிகுறி என்று படித்தவன்தான் நான். படிப்பு ஒரு பக்கம் இருந்தது, பயம் இன்னொரு பக்கம் இருந்தது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் யாராவது தனக்குள் பேசிக்கொண்டால் "கீழ்ப்பாக்கம்" என்று கத்துவோம். சென்னையில் அது ஒரு பகுதியின் பெயர் என்பதும், அங்கே இருப்பது 1794-ல் தொடங்கிய பழமையான மனநல மருத்துவமனை என்பதும், ஏராளமான பேர் அங்கே வைத்தியம் பார்த்துக் குணமாகி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பதும் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. எங்களுக்கு அது ஒரு வசவுச் சொல். பிறகு டி.பார்ம் படிக்கும்போது, 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. விடுதியில் இரண்டு நாள் அதே பேச்சாக இருந்தது. அந்த வசவும் அந்தச் சங்கிலியும்தான் மனநோய் என்ற சொல்லுக்கு என் தலைக்குள் இருந்த பொருள். மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிய 10 மில்லிகிராம் எஸ்சிடலோபிராம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்தச் சங்கிலியைத்தான் நினைத்தேன்.

டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் போனேன். மாத்திரையையும் அங்கேயே, யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு கடையில், வரிசையில் நின்று வாங்கினேன். அந்தக் கடைப் பையன் எதிலும் சுற்றாமல் அட்டையை அப்படியே நீட்டினான். "பேப்பர் இருக்கா தம்பி?" என்று நான்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தனை மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து ஒரு பழைய வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தேன். ஒரு மருந்தாளுநர் செய்யவே கூடாத காரியம் அது. மாத்திரையை அதன் அட்டையிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுக்கு வாய்ப்புண் வந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. வைட்டமின் கொடுக்கலாம் என்று என் மனைவி அந்த டப்பாவைத் திறந்திருக்கிறாள். நல்லவேளை, நிறம் மாறியிருந்ததைக் கவனித்தாள்.

கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தேன். டப்பாவோடு வந்தாள்.

"இது என்ன மாத்திரைங்க?"

"வைட்டமின்தான்."

"வைட்டமின் சிவப்பால்ல இருக்கும்."

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு என்ன குறை? நான் இல்லையா, குழந்தை இல்லையா?" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "எப்பலேர்ந்து?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி மூணு மணிக்குத் திண்ணையில போய் உக்காந்திருப்பீங்களே, அதுவும் இதனாலதானா?" என்றாள். அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அழுதுவிட்டேன். குக்கர் ஆறேழு விசில் அடித்திருக்கும். அவள் எழுந்து போகவில்லை. அன்று சாதம் குழைந்துதான் இருந்தது.

கேட்பது என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தக் குக்கர் சத்தத்தைத்தான் சொல்வேன். அதற்கு முன்னால் அரைகுறையாக இரண்டு நண்பர்களிடம் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒருவன் "மனசைத் தைரியமா வச்சுக்கடா" என்றான். இன்னொருவன், "சோத்துக்கு இல்லாதவன் எத்தனை பேர் இருக்கான், உனக்கென்ன?" என்றான். இரண்டு பேருமே என்மேல் உயிரானவர்கள். ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு நான் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. தைரியம் இல்லாதவன், நன்றியில்லாதவன் என்று எனக்கு நானே இரண்டு பட்டம் கொடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். என் மனைவி எனக்கு எந்த வழியும் சொல்லவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து, அப்புறம், அப்போது எப்படி இருந்தது என்று இந்த மூன்று கேள்விகள்தான். நடுவில் நிறைய மௌனம்.

இதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த வருடம் மச்சான் கல்யாணம். மூன்று நாள் மண்டபத்தில் தங்க வேண்டும், ஒரே அறையில் எட்டுப் பேர். பையிலிருந்து யாராவது மாத்திரையை எடுத்துப் பார்த்துவிட்டால்? வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்த பிறகும் எடுக்கவில்லை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று. நாலைந்து நாளில் தலைசுற்றல் வந்தது. திரும்பிப் பார்த்தால் தலைக்குள் லேசாக ஷாக் அடித்த மாதிரி இருக்கும். ஒன்றரை மாதத்தில் அந்த மூன்று மணி விழிப்பு திரும்பி வந்துவிட்டது. இந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டல், மந்தம் போன்ற தொந்தரவு முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் இந்த இடைவெளியில்தான் நிறுத்துகிறார்கள். வேறு பலர் என்னைப்போல், நன்றாக ஆனதும் நிறுத்துகிறார்கள். தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும், நிறுத்துவதென்றால் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். எட்டுப் பேர் தங்கிய அந்த அறைதான் தெரிந்ததையெல்லாம் மறக்கடித்தது. ஒருவர் மாத்திரையை விட்டுவிட்டால் "ஏன் விட்டீங்க?" என்று அதட்டுவதைவிட, யார் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தார் எனத் தெரிந்துகொள்வது முக்கியம் என்று அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் போதும். கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. முதல் வாரம் கடையில் பஞ்சு, பேண்டேஜ், காய்ச்சல் மருந்து, குழந்தைகளுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் என்று ஓடியது. மூன்றாவது வாரத்திலிருந்துதான் அந்த வார்த்தை வர ஆரம்பித்தது. "தம்பி, தூக்கம் வரல." தென்னந்தோப்பு வைத்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதையே சொன்னார்கள்.

தூக்க மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. அல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகளுக்கு எச்1 என்று தனிப் பதிவேடே உண்டு. எழுதிய டாக்டர், வாங்கியவர், எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் யார் கேட்டாலும் "சீட்டு இருந்தா கொடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பேன். சட்டப்படி சரிதான்.

டிசம்பரில் ஒரு மதியம் பெரியப்பா முறை வேண்டிய ஒருவர் வந்தார். "தூக்கத்துக்கு ஒரு அட்டை கொடு தம்பி." ஒன்றிரண்டு கேட்பவர்கள் உண்டு. முழு அட்டையாகக் கேட்டது எனக்கு என்னவோ செய்தது. கவுண்டருக்கு உள்ளே ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அவர் அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

நூற்று நாற்பது மரத்தில் பதினொன்று நிற்கிறது என்றார். எல்லாம் அவருடைய அப்பா வைத்தவை. "மரம் விழுந்த சத்தம்கூடக் கேக்கல தம்பி. ராத்திரி பூரா காத்து சத்தம்தான். விடிஞ்சு போய்ப் பாத்தா, தோப்புக்குள்ள நின்னா வானம் தெரியுது." அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார், வானம் தெரியுது, வானம் தெரியுது என்று. நிவாரணம் வரும் பெரியப்பா, புதுக் கன்று வைக்கலாம் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகும், அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. அந்தக் கணக்கை அவர் போடாமலா இருந்திருப்பார்? நாக்கைக் கடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஒவ்வொரு மரமாகப் பேசினார். எந்த மரத்தில் இளநீர் இனிக்கும், எந்த மரத்தின்மேல் அவர் மகன் சின்ன வயதில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதான் என்று.

பிறகு கேட்டேன். "பெரியப்பா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

குரல் நடுங்கியது எனக்கு. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுவார்கள். அப்படி இல்லை. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருப்பவருக்கு, அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறது, அவ்வளவுதான். தஞ்சாவூர் டாக்டர் என்னிடம் முதல் நாளே இதே கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டிருந்தார். அதனால்தான் எனக்கு அது வாயில் வந்தது.

கரண்ட் இல்லாமல் நின்றிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "தோணுது" என்றார். அதற்குப் பிறகுதான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

மாத்திரை கொடுக்கவில்லை. "உங்க பையன்கிட்ட நான் பேசட்டுமா?" என்று கேட்டேன், சரி என்றார். பையன் வந்ததும் இரண்டு விஷயம் சொன்னேன். இன்றைக்கு ராத்திரி அப்பாவைத் தனியாக விடாதே. கொட்டகையில் இருக்கிற பூச்சிமருந்தையெல்லாம் இப்போதே எடுத்து வேறு வீட்டில் பூட்டி வை. மறுநாள் காலை மூன்று பேருமாகப் பஸ் ஏறித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். மனநலப் பிரிவு வெளிநோயாளிச் சீட்டு, மருந்து எல்லாம் இலவசம். வரிசையில் நிற்கும்போது அவர் கேட்டார். "உனக்கு எப்படித் தெரியும், இப்படிக் கேக்கணும்னு?"

"நானும் இதுக்கு மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன் பெரியப்பா."

மாத்திரை போடுவதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் நான் அதுவரை சொன்னதில்லை. அவர் என் தோளில் கை வைத்தார், பேசவில்லை. ஊர் திரும்பும்வரை நாங்கள் தேங்காய் விலையைப் பற்றித்தான் பேசினோம்.

அப்போது 14416 என்ற அரசு மனநல உதவி எண் கிடையாது. அந்த எண் 2022 அக்டோபரில்தான் வந்தது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது, எண் 044-24640050. அங்கே பேசுகிறவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், அவர்கள் வேலையே காதுகொடுத்துக் கேட்பதுதான். இரண்டு எண்ணையும் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில், ரத்த அழுத்தம் பார்க்கும் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். பில் போடும் நேரத்தில் சிலர் அதை மொபைலில் படம் எடுத்துக்கொள்வதைப் பார்ப்பேன். பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

கடையில் இப்போது அடிக்கடி வருகிற ஒரு கேள்வி, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா போலீஸ் கேஸ் ஆயிடுமா?" வீட்டில் ஒருவர் தவறான முயற்சி செய்து பிழைத்துக்கொண்டால், இந்தப் பயத்திலேயே வெளியே சொல்லாமல் மூடிவிடுகிறார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படிச் செய்தவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய 309-வது பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியில் விவரம் பதிவு செய்வார்கள், பிழைத்தவரை ஜெயிலில் போடுவதற்காக இல்லை என்று சொல்வேன். சொன்ன பிறகு பலர் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள்.

வரிசையில் பெரியப்பாவிடம் சொன்னது ஊருக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. அவர் மூலமாக இருக்காது, நானே வேறு இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தேன். வாடிக்கையாக வாங்கிக்கொண்டிருந்த மூன்று குடும்பங்கள் வேறு கடைக்குப் போய்விட்டன. ஒருவர் நேராகவே கேட்டார், "மருந்தை மாத்திக் கொடுத்துட மாட்டியே?" அவர் கண் முன்னாலேயே சீட்டையும் அட்டையையும் இரண்டு முறை ஒப்பிட்டுக் காட்டினேன். இன்றும் அவர் என்னிடம்தான் வாங்குகிறார். வெளிப்படையாகப் பேசினால் ஒன்றும் ஆகாது என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன், ஆகும். யாரிடம், எப்போது, எவ்வளவு என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கல்யாணம் பேசுகிற வீட்டில், வேலை நிரந்தரம் ஆகாத இடத்தில் இருப்பவர்களை "நீயும் சொல்லு" என்று நெருக்கக் கூடாது.

இதை நான் ஒருவரைக் காயப்படுத்தித்தான் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் துணிச்சல் வந்திருந்த காலம். மனநல மாத்திரையை இனி பேப்பரில் சுற்றுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். ஓர் இளைஞர் சீட்டோடு வந்தார், புதிதாகக் கல்யாணமானவர். அட்டையை அப்படியே கவுண்டரில் வைத்து, "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல தம்பி, நானும் இதான் போடறேன்" என்றேன், நல்ல சத்தமாக. கடையில் மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவர் அவருடைய மாமனார் வீட்டுப் பக்கம். அந்தத் தம்பியின் முகம் எப்படி வெளுத்தது என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மீதிச் சில்லறை வாங்காமலே போய்விட்டார். திரும்ப வரவே இல்லை. ஒருவருடைய சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது அதே 2017 சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அவருடைய கதை, என்னுடையது இல்லை. என் நோயைப் பற்றி நான் உரக்கப் பேசலாம். அவருடையதைப் பற்றி அவர்தான் பேச வேண்டும், அவர் விரும்பினால்.

அந்த வாரமே அரை கிலோ பழுப்புக் கவர் வாங்கிப் போட்டேன். இப்போது எங்கள் கடையில் பாராசிட்டமாலும் அந்தக் கவரில்தான், சுகர் மாத்திரையும் அதே கவரில்தான், நாப்கினும் அதிலேதான். மூன்று வருடத்துக்கும் மேலாக இப்படி நடக்கிறது. கவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து யாருக்கும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர் அக்கா தன் மகனைக் குணசீலம் கூட்டிப் போய் 48 நாள் தங்கியிருந்துவிட்டு வந்தார். பெருமாள் சன்னதியில் மண்டலம் இருந்தால் சித்தம் தெளியும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. முன்பெல்லாம் நான் இதைக் கேட்டால் படபடவென்று பேசிவிடுவேன். அந்த அக்காவிடம் அங்கே எப்படி இருந்தது என்று கேட்டேன். "அங்க யாரும் அவனை ஒரு மாதிரி பாக்கல தம்பி, எல்லாரும் இதுக்குத்தானே வந்திருக்காங்க" என்றார். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கோயிலுக்குப் போங்கள் அக்கா, மாத்திரையை மட்டும் அங்கேயும் எடுத்துப் போங்கள் என்றேன். மாதா மாதம் தவறாமல் வாங்க வருகிறார்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், "சுகருக்குப் பாக்கத் தஞ்சாவூர் போறான்" என்பார். எனக்குச் சுகர் கிடையாது. முதலில் கோபம் வந்தது, மறுத்துப் பேசியிருக்கிறேன். பிறகு விட்டுவிட்டேன், அவருக்கு எது தாங்குமோ அதைச் சொல்லிக்கொள்ளட்டும் என்று. ஆனால் கடையில் ஸ்டூல் போட்டு ஊரார் பேச்சையெல்லாம் கேட்கிற நான், ஏன் இப்படிச் சொல்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று அம்மாவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன மாதம் தஞ்சாவூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பத்து இருபது பஸ். செருப்பு மாட்டும்போது அம்மா திண்ணையிலிருந்து, "உன் டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வா" என்றார். "என்னம்மா?"

"உங்கப்பா போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது."

செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எப்படிம்மா இருக்கும், அந்த நேரத்துல?" என்றேன். அம்மா அப்பாவின் கடைசி வாரத்திலிருந்து ஆரம்பித்தார். பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பதினொன்றே முக்காலுக்கு இன்னொன்று இருக்கிறது.